கணவரை இழந்த மூதாட்டியின் உறவுகளைத் தேட எந்தப் பதிவு? கணக்கெடுப்பு, உயில், பத்திரம், வழக்கு: ஓர் ஒப்பீடு

சென்னையில் நாலைந்து தலைமுறையாக வாழும் குடும்பங்களில் வம்சாவளி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஆண்களின் வரிசை தடையில்லாமல் வந்துவிடும். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அப்புறம் ஒரு பெண் வருவார். இளவயதில் கணவரை இழந்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவரை ‘அத்தைப் பாட்டி’ என்றோ ‘மொட்டைப் பாட்டி’ என்றோதான் தெரியும். அவருடைய பெயர் என்ன, எந்த ஊர்ப் பெண், கூடப்பிறந்தவர்கள் யார், பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டால் பதில் வராது. அவர் சமைத்துப் போட்டு வளர்த்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் நாம். அவர் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் கிடைக்கும் வம்சாவளி வழிகாட்டிகள் ‘முதலில் சென்சஸ், பிறகு உயில்’ என்று சொல்லிவிடுகின்றன. இங்கிலாந்துக்கு அது சரி. அங்கே 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பெயர், வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, விதவையா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும். அந்த வரிசையை அப்படியே சென்னையில் பின்பற்றுகிறவர்கள் முதல் படியிலேயே பல மாதங்களைத் தொலைக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே தொடங்க வேண்டிய இடம் பத்திரப் பதிவு அலுவலகம். அங்கே போயும் பாட்டியின் பெயரை மட்டும் தேடினால் போதாது. அவருடைய அப்பா, அண்ணன் தம்பி, கொழுந்தன்மார் எழுதிய பத்திரங்களைத் திறக்க வேண்டும். ஏன் என்பது ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது புரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, அந்தப் பதிவில் அவருடைய சொந்தப் பெயர் இருக்குமா? ‘இன்னாருடைய விதவை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிற ஆவணங்கள் உண்டு. இரண்டாவது, பிறந்த வீட்டோடு அவரை இணைக்குமா? இதுதான் உண்மையான சோதனை. திருமணத்தோடு இனிஷியல் மாறி, கணவர் போனபிறகு புகுந்த வீட்டு ஆவணங்களிலிருந்தும் நழுவிவிடுகிற பெண்ணுக்கு, அப்பா பெயரைச் சொல்கிற ஒரு வரி கிடைத்தால் கதவு திறந்த மாதிரி. மூன்றாவது, தேடுவதற்கு முன்பே உங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஆண்டா, கணவர் பெயரா, தெருவா? நான்காவது செலவு. கட்டணத்தை மட்டும் சொல்லவில்லை. அலைச்சல், வழக்கறிஞர், பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் எல்லாம் சேர்த்து. ஐந்தாவது, யாரையெல்லாம் அந்தப் பதிவு விட்டுவிடுகிறது? சொத்தில்லாத வீட்டுப் பெண் சொத்துப் பதிவில் இருக்க மாட்டார்.

எந்த வழியில் போனாலும் வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. தர்ப்பணம் செய்யும் குடும்பமென்றால் அப்பா வழியில் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்கள் அதில் வந்துவிடும். பிள்ளையில்லாமல் போன அத்தைப் பாட்டி அந்த வரிசையில் இருக்க மாட்டார். ஆனால் மகாளய பட்சத்தில் காருண்ய பித்ருக்கள் என்று அத்தை, சித்தப்பா எல்லோரையும் சேர்த்துச் சொல்லும்போது அவர் பெயர் வரலாம். பெரியப்பாவிடமோ சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரிடமோ அந்தப் பட்டியல் எழுதிய நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே பாட்டிக்கு எந்த மாதம் எந்தத் திதி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய உதவி செய்யும். பீரோவில் கிடக்கும் மூலப்பத்திரத்தை எடுத்து, முன்னும் பின்னும் ஒரு பக்கம் விடாமல் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

## மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

சென்னை மாகாணத்தில் 1871-லிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. அறிக்கைகள் எல்லாம் அச்சாகிக் கிடைக்கின்றன. சென்னை நகரத்தின் மக்கள்தொகை 1871-இல் 3,97,552, 1901-இல் 5,09,346. சாதிவாரியாக, வயதுவாரியாக எத்தனை பெண்கள் கணவரை இழந்தவர்கள் என்கிற அட்டவணைகளும் உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய் எழுதிய தாள்களை, எண்ணி முடித்தபிறகு பாதுகாத்து வைக்கவில்லை. ஆக, உங்கள் பாட்டி அந்த அட்டவணையில் ஓர் எண்ணாக இருக்கிறார், பெயராக இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை? 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்பாளர் எழுதிய எந்த ஏட்டையும் பார்வையிட யாருக்கும் உரிமையில்லை என்கிறது. இத்தனை ஆண்டு கழித்துத் திறப்போம் என்கிற ஏற்பாடும் அந்தப் பிரிவில் இல்லை. யாராவது ‘உங்கள் குடும்பத்தின் பழைய சென்சஸ் பதிவை எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதனால் கணக்கெடுப்பு அறிக்கை வீண் என்று சொல்ல மாட்டேன். உங்கள் சமூகத்தில் எந்த வயதில் எத்தனை பெண்கள் கைம்பெண்களாக இருந்தார்கள் என்று பார்த்தால், பாட்டி கணவரை இழந்தது எட்டு வயதிலா இருபத்தெட்டிலா என்கிற வீட்டுப் பேச்சில் எது நடந்திருக்கக்கூடியது என்று புரியும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், பக்கத்திலேயே கன்னிமாரா நூலகத்திலும் அறிக்கைகளைப் பார்க்கலாம். ஒரு மதியம் போதும். ஆனால் இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

குடும்பத்தின் ஒரு கிளை இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ போயிருந்தால் கதை வேறு. பெரம்பூர், வேப்பேரி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இது சகஜம். அங்கே போன கிளைக்கு இங்கிலாந்தின் 1921, அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்புத் தாள்கள் பெயரோடு கிடைக்கும். இங்கிலாந்தின் 1931 தாள்களைத் தேட வேண்டாம். 1942-இல் தீயில் போய்விட்டன.

## உயில், புரொபேட் கோப்புகள்

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. 1870-ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம் சென்னைப் பட்டணத்துக்குள் பொருந்தியது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் இங்கே இந்துக்கள் எழுதிய உயில்களுக்கு புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று, தேவைப்பட்டது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. மதுரையிலோ கோவையிலோ உயில் பீரோவுக்குள்ளேயே இருந்துவிடலாம். ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், புரசைவாக்கம் சொத்தென்றால் உயில் உயர் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டியிருந்தது. அதனால் நூறாண்டுக்கு மேற்பட்ட கோப்புகள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தன.

ஆனால் எல்லையைக் கவனியுங்கள். இன்று சென்னை என்று நாம் சொல்கிற பல இடங்கள் அன்று செங்கல்பட்டு மாவட்டம். சைதாப்பேட்டை, பரங்கிமலைப் பக்கத்துச் சொத்தென்றால் செங்கல்பட்டு நீதிமன்றத்தின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று. உயில் எழுதி வைத்தவரின் கோப்பைவிட, உயில் எழுதாமல் போனவரின் கோப்பு நமக்கு அதிகம் பயன்படும். உயிலை நிறைவேற்றுபவர் புரொபேட் கேட்டு மனுப் போட்டால், இறந்த நாள், உயில் உண்மையானது, சொத்து மதிப்பு என்ற அளவில் முடித்துவிடலாம். உயில் இல்லாதபோது வாரிசு கேட்பது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம். அந்த மனுவில் இறந்தவரின் குடும்பத்தார், மற்ற உறவினர்கள், அவர்கள் வசிக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 1925 சட்டத்தின் 278-ஆம் பிரிவு சொல்கிறது. மனைவி, மகள்கள், தம்பி மனைவி என்று ஒரு குடும்பமே முகவரியோடு வரிசையாக நிற்கும். யாராவது ஆட்சேபித்து அது டெஸ்டமென்டரி சூட் என்கிற வழக்காக மாறியிருந்தால், சாட்சிகளின் வாக்குமூலமும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, யாருடைய உயிலைத் தேடுவது? பாட்டி 1956-க்கு, அதாவது இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன் இறந்தவர் என்றால் அவருடைய சொந்த உயில் கிடைக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. மகன் இல்லாத கைம்பெண்ணுக்குக் கணவர் சொத்து வந்தாலும் ஆயுள் வரைக்கும்தான். அதை உயிலில் எழுதி வைக்க முடியாது. சீதனமாக வந்ததை மட்டும் எழுதலாம். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு மகனுக்குச் சமமாகப் பங்கு கொடுத்தபோதும் அது ஆயுள் உரிமையாகவே இருந்தது. ஆகவே தேட வேண்டியது கணவர் உயில், மாமனார் உயில், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய அப்பாவின் உயில். இளவயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மகளுக்கு ‘ஆயுள் பரியந்தம் இந்த வீட்டின் பின்கட்டில் குடியிருந்து, மாதம் இவ்வளவு பெற்றுக்கொள்ள வேண்டியது’ என்று ஒரு பத்தி எழுதாத அப்பாக்கள் குறைவு. அந்தப் பத்தியில் மகளின் பெயரும் இருக்கும், காலஞ்சென்ற மாப்பிள்ளையின் பெயரும் இருக்கும்.

மறைவான செலவு நிறைய. வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாவது நபர் நகல் கேட்டால் ஏன் கேட்கிறோம் என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். நடைமுறையில் வழக்கறிஞர் இல்லாமல் கஷ்டம். ஆண்டு தெரியாமல் போனால் பதிவேட்டை வருஷம் வருஷமாகப் புரட்ட வேண்டும். இறந்து பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, வீட்டை விற்கப் போகும்போதுதான் மனுப் போட்டிருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை உயிலில் எழுத 1956 வரை இந்து ஆணுக்கும் உரிமையில்லை. சுயார்ஜிதம், அதாவது தானே சம்பாதித்த சொத்து இருந்தவர்கள்தான் உயில் எழுதினார்கள். துபாஷ் (ஐரோப்பியருக்கு மொழிபெயர்ப்பாளர், தரகர்), வக்கீல், வியாபாரி, அரசாங்க உத்தியோகஸ்தர் குடும்பங்களுக்கு இந்த வழி நன்றாகப் பொருந்துவது அதனால்தான்.

## பத்திரப் பதிவு

1860-களின் நடுவில் வந்த பதிவுச் சட்டங்களிலிருந்து தொடங்கி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து கைமாறினால் பதிவு செய்தாக வேண்டும். தானம் என்றால் எந்த மதிப்பாக இருந்தாலும் பதிவு. ஆகவே உயில் எழுதும் அளவுக்கு வசதியில்லாத, ஒரு ஓட்டு வீடும் அரை கிரவுண்டும் இருந்த குடும்பங்கள்கூட இதில் அகப்படுகின்றன. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், செட்டில்மென்ட், ஜீவனாம்சப் பத்திரம் என்று கைம்பெண்கள் கையெழுத்தோ கைநாட்டோ போட்ட ஆவணங்கள் எத்தனையோ.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கைம்பெண் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம். ஆயுள் உரிமை மட்டுமே உள்ளவர் விற்றால், அவர் காலத்துக்குப் பிறகு கணவர் வழி வாரிசுகள் வந்து கேட்பார்கள் என்ற பயம் வாங்குகிறவருக்கு இருக்கும். விற்க நியாயமான அவசியம் இருந்தது என்று காட்ட வேண்டும். அதனால் பத்திரம் வெறும் விலையோடு நிற்காது. கணவர் வைத்துவிட்டுப் போன கடன், மூத்த மகளின் கல்யாணம், கர்மச் செலவு, தீர்வை பாக்கி என்று காரணங்களை வரிசையாக எழுதுவார்கள். மகள் பெயர், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுகூட வரும். போதாததற்கு, அடுத்த வாரிசாக வரக்கூடிய பங்காளியைக் கூப்பிட்டுச் சம்மதித்துக் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பார்கள்.

பத்திரத்தின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்புங்கள். எங்கள் வீட்டுப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் முன்பக்கம் முழுக்க அந்த அம்மாள் ‘காலஞ்சென்ற இன்னாருடைய பாரியாள்’ மட்டும்தான். பின்பக்கத்தில் பதிவாளரின் குறிப்பு: எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டவர் என்று அவருடைய பெருவிரல் ரேகை, மங்கிய ஊதா நிறத்தில், கொஞ்சம் இழுபட்டு. அதன் கீழே அவரை இன்னாரென்று அடையாளம் காட்டிய இரண்டு பேர். ஒருவர் தகப்பனார் பெயர், தொழில், தெருவோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தகப்பனார் பெயர்தான் அம்மாளுடைய பேரன்களில் ஒருவருக்கும் வைத்த பெயர். அடையாளம் காட்டியவர் அவருடைய அண்ணன் என்று பிறகு வேறொரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் உறுதியானது. வெளியே வராத பெண்களாக இருந்தால் பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடமிருந்தது. அப்போது எந்த வீட்டில் வைத்துப் பதிவானது என்ற முகவரியும் குறிப்பில் இருக்கும். அவர் பிறந்த வீட்டில் இருந்தாரா புகுந்த வீட்டில் இருந்தாரா என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

பதிவு அலுவலகத்தில் 1-ஆம் புத்தகம் அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு. உயிலும், தத்தெடுக்கக் கொடுத்த அதிகாரப் பத்திரமும் 3-ஆம் புத்தகத்தில். முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். 3-ஆம் புத்தகத்தின் நகல், எழுதியவர் இறந்தபிறகு, விண்ணப்பிக்கும் எவருக்கும் கிடைக்கும். மூதாட்டிகளைத் தேடும் நமக்கு அந்தத் தடை ஏற்கெனவே விலகிவிட்டது. தத்து பற்றி ஒரு வார்த்தை: சென்னை மாகாணத்தில் கணவர் அனுமதி கொடுக்காமல் இறந்திருந்தாலும், அவருடைய சபிண்ட உறவினர்கள் (நெருங்கிய பங்காளிகள்) சம்மதித்தால் கைம்பெண் தத்தெடுக்கலாம் என்பது 1868-இல் ராமநாதபுரம் வழக்கில், லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் உறுதிசெய்த விதி. அப்படிப்பட்ட தத்துப் பத்திரம் கிடைத்தால் சம்மதித்த உறவினர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள்.

இதற்கும் செலவு உண்டு. கணினியில் எடுக்கிற வில்லங்கச் சான்று நம் தேடலுக்குப் போதாது. அது பொதுவாக 1975-லிருந்துதான் தொடங்கும். அதற்கு முந்தையதைக் கையால் தேட வேண்டும், கட்டணம் ஆண்டுக் கணக்கில். ஆகவே ‘1880-லிருந்து 1950 வரை’ என்று போடாதீர்கள். மூலப்பத்திரத்தில் ‘முன் பத்திரம் இன்ன ஆண்டு இன்ன நம்பர்’ என்று சொல்லியிருப்பதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். நம்பரும் ஆண்டும் தெரிந்த பத்திரத்துக்கு நகல் எடுப்பது சுலபம். சார் பதிவாளர் அலுவலகங்கள் பலமுறை பிரிக்கப்பட்டிருப்பதால், இன்றைக்கு உங்கள் தெருவுக்குரிய அலுவலகத்தில் அன்றைய வால்யூம் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்புறம் மொழி. சென்னைப் பத்திரங்களில் தெலுங்கும் ஆங்கிலமும் கணிசம். தமிழிலேயே இருந்தாலும் புள்ளியில்லாத எழுத்து, தமிழ் எண், தமிழ் வருஷப் பெயர். ‘விரோதி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளையும் கூட இருக்கும் ஆட்களின் வயதையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## வாரிசு வழக்குகள்

எல்லாக் குடும்பத்துக்கும் இது அமையாது. அமைந்தால் இதைப்போல் வேறொன்றும் இல்லை. கைம்பெண் இறந்ததும், அவர் விற்றது செல்லாது என்று கணவர் வழிப் பங்காளிகள் போட்ட வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் ஏராளம். வழக்கே யார் யாருக்கு எத்தனையாவது உறவு என்பதுதான். ஆகவே தீர்ப்பிலேயே வம்சாவளியைக் கிளை கிளையாக அச்சடித்திருப்பார்கள். பெண்கள் பெயரும் அதில் வரும், யார் யாருக்கு முன்னால் இறந்தார் என்பதும் வரும்.

தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய காலவரையறைச் சட்டப்படி, கைம்பெண் இறந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வாரிசுகள் வழக்குப் போட வேண்டும். பாட்டி இறந்த ஆண்டு தோராயமாகத் தெரிந்தால் அடுத்த 12 ஆண்டுகளில் தேடுங்கள். மேல்முறையீட்டுக்கு இன்னும் பத்தாண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். 1876-லிருந்து வரும் சென்னைத் தீர்ப்புத் தொகுதிகளும், 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும் சட்ட நூலகங்களில் உண்டு. இந்தியன் கானூன் தளத்தில் பழைய தீர்ப்புகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கக்கூடும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலியார் ‘மூடெல்லி’ ஆகியிருப்பார், அம்மாள் ‘அம்மால்’ ஆகியிருப்பார். ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடினால் பலன் அதிகம்.

ஆனால் அச்சானது மேல்முறையீடு வரை போனவற்றில் ஒரு பகுதி மட்டுமே. சிட்டி சிவில் கோர்ட்டில் முடிந்துபோன வழக்கு புத்தகத்தில் இருக்காது. இன்னொரு எச்சரிக்கை: வழக்கில் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடாது. சொத்துக்காக ஒருவர் கல்யாணமே செல்லாது என்று வாதாடுவார், இன்னொருவர் தத்தே நடக்கவில்லை என்பார். நீதிபதி எதை ஏற்றார் என்று கடைசி வரை படித்துவிட்டு எழுதுங்கள். அந்தக் காலத்துக் கைம்பெண்ணின் நடத்தையைப் பற்றி எதிர்த்தரப்பு எழுதியதை வம்சாவளியில் அப்படியே ஏற்றிவிடுவது அவருக்கு நாம் செய்யும் இரண்டாவது அநியாயம்.

## இறப்புப் பதிவு, தேவாலய ஏடு

மாநகராட்சியின் இறப்புப் பதிவில் பெயர், வயது, கணவர் அல்லது தகப்பனார் பெயர், முகவரி கிடைக்கும். சொத்தில்லாதவரும் இதில் இருப்பார் என்பதே இதன் பெரிய பலம். தேதி தெரியாதே என்பவர்களுக்குத்தான் திதியைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். ஆவணி மாதத் தேய்பிறை தசமி என்று தெரிந்தால், அது ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஒரே ஒரு நாள். பழைய பஞ்சாங்கத்தை வைத்துப் பத்து ஆண்டுக்குப் பத்துத் தேதிகளை எடுத்துக்கொண்டு போனால், முழுப் பதிவேட்டையும் புரட்ட வேண்டியதில்லை.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் பங்கு ஆலயத்தின் திருமண ஏட்டை முதலில் பாருங்கள். மணமகளின் தகப்பனார் பெயர் அதில் நேராக இருக்கும். மறுமணமென்றால் விதவை என்றே குறித்திருப்பார்கள். ஆங்கிலோ இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும், சென்னை மாகாணத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய நகல்களும் உயில்களும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களில் மனைவிக்குப் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நாலில் ஒன்று என்று பங்கு உறுதியானது. எனவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கைம்பெண் பெயர் விடுபடுவது அரிது.

## ஒரே பார்வையில்

| பதிவு | அவர் பெயர் | பிறந்த வீட்டுத் தொடர்பு | முன்கூட்டித் தெரிய வேண்டியது | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| கணக்கெடுப்பு | இல்லை | இல்லை | ஒன்றுமில்லை | வீணாகும் மாதங்கள் |
| உயில், புரொபேட் | பெரும்பாலும் உண்டு | அப்பாவின் உயிலில் வலுவாக | எழுதியவர் பெயர், மனு ஆண்டு | வழக்கறிஞர், பிரமாணப் பத்திரம் |
| பத்திரப் பதிவு | உண்டு | பின்பக்கக் குறிப்பில், சகோதரர் பத்திரத்தில் | சொத்து இருந்த தெரு, ஒரு பத்திர எண் | ஆண்டுக் கட்டணம், தெலுங்கு, பழைய கையெழுத்து |
| வழக்கு | உண்டு | கணவர் வழியே அதிகம் | கணவர் பெயர், ஊர், இறந்த ஆண்டு | பொய் வாதங்களைப் பிரித்தறிதல் |
| இறப்பு, தேவாலய ஏடு | உண்டு | தேவாலயத்தில் வலுவாக | தேதி அல்லது திதி, பங்கு ஆலயம் | நேரில் அலைச்சல் |

## யாருக்கு எது

குடும்பத்தில் ஒரு வீடாவது இருந்து, பழைய பத்திரம் ஒன்றாவது கையில் இருந்தால் பத்திரப் பதிவு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூலப்பத்திரத்தில் அவர் பெயர் கிடைத்ததும், அடையாளம் காட்டியவர்களின் பெயரில் அடுத்த தேடலைத் தொடங்குங்கள். இளவயதிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் என்றால் அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் முதலில். குடியிருக்கும் உரிமை, ஜீவனாம்சம் என்ற பத்தியில் அவர் இருப்பார்.

பழைய பட்டண எல்லைக்குள் வசதியான குடும்பம், அப்பாவோ கணவரோ சொந்தச் சம்பாத்தியம் உள்ளவர், இறந்த ஆண்டும் தோராயமாகத் தெரியும் என்றால் உயர் நீதிமன்றக் கோப்புக்கு வழக்கறிஞர் செலவு செய்யலாம். பிள்ளையில்லாதவர், கணவர் வழியில் நிலம் நிறைய இருந்தது, ‘பெரிய கேஸ் நடந்தது’ என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது என்றால் தீர்ப்புகளை முதலில் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சாயங்காலத்தில் தேடிப் பார்த்துவிடலாம்.

சொத்தே இல்லாத குடும்பம் என்றால் திதியும் மாநகராட்சிப் பதிவும்தான். ஆவணங்களில் திடீரென்று காணாமல் போகிற பெண்ணை இறந்துவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அறுத்துக்கட்டும் வழக்கமுள்ள சமூகமானால் மறுமணம் செய்துகொண்டு வேறு வீட்டுப் பெயரில் இருக்கலாம். 1856-ஆம் ஆண்டு மறுமணச் சட்டப்படி முதல் கணவர் சொத்தில் உரிமை போய்விடும் என்பதால் பழைய குடும்பத்தின் பத்திரங்களில் அவர் வர மாட்டார்.

பாட்டி 1956-க்குப் பிறகு இறந்தவர் என்றால் வரிசையே மாறுகிறது. அந்த ஆண்டு ஜூன் 17-இல் அமலுக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெரும்பாலான கைம்பெண்களின் கையிலிருந்த ஆயுள் உரிமையை முழு உரிமையாக மாற்றியது. அதன்பிறகு தன் வீட்டைத் தன் இஷ்டப்படி யாருக்கும் எழுதி வைக்க முடிந்தது. தன்னைப் பார்த்துக்கொண்ட தம்பி மகளுக்கு, அக்கா பேரனுக்கு என்று பிறந்த வீட்டு உறவுகளுக்கே எழுதிய பெண்கள் உண்டு. ஆகவே 1956-க்குப் பிறகானவர்களுக்கு 3-ஆம் புத்தகத்தில், அவருடைய சொந்தப் பெயரில், அவர் எழுதிய உயிலையே முதலில் தேடுங்கள்.